மண்டபம் உப்புக்காற்றில் தகர ஷெட்: கூரையைவிடச் சுவரைக் கவனியுங்கள்

கஜா புயல் வந்த 2018-ல், ராமேஸ்வரத்துக்கு முந்தின ஊரான மண்டபம் பக்கம் வலையும் ஐஸ் பெட்டியும் வைக்க இந்த ஷெட்டைப் போட்டோம். கூரை, சுவர் இரண்டுக்கும் 0.50 எம்.எம். கலர் ஷீட். பெயின்டுக்கு அடியில் கால்வால்யூம் பூச்சு: 55 சதவீதம் அலுமினியம், மீதி பெரும்பாலும் துத்தநாகம். சதுர மீட்டருக்கு 150 கிராம் பூச்சு என்று பில்லிலேயே எழுதி வாங்கினோம். வாய்ப்பேச்சு வேண்டாம்.

கூரை வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான். அரித்தது சுவர். அதிலும் தெற்குச் சுவரில், இறவாரத்துக்குக் கீழே ஒரு முழ அகலம். மழை படாத இடம் அது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் உப்பெல்லாம் அங்கே வந்து அப்பும். அப்போது நம் பக்கம் மழை ஏது? ஐப்பசியில் வாடையோடு மழை இறங்கினாலும் கூரையையும் வடக்குச் சுவரையும்தான் கழுவுகிறது. இறவாரத்தடியில் விரலால் தடவினால் நரநரவென்று ஒட்டும். முதலில் பெயின்ட் கொப்புளித்தது, அப்புறம் வெள்ளைப் பொடி, அப்புறம் செந்துரு.

அதற்கும் முந்திக்கொண்டது ஸ்க்ரூ. ஷீட்டோடு சேர்த்துத் தந்த சாதா ஜிங்க் ஸ்க்ரூக்களின் தலை சீக்கிரமே சிவந்து, துரு கோடு கோடாகச் சுவரில் வழிந்தது. கடலோரத்துக்கென்று கிளாஸ் 4 பூச்சு போட்ட ஸ்க்ரூ கிடைக்கிறது, ரப்பர் வாஷரோடு. கேட்டு வாங்குங்கள். எவர்சில்வர் ஸ்க்ரூ போடச் சொல்பவர்களும் உண்டு. கால்வால்யூமில் அது வேண்டாம்; உப்பு ஈரத்தில் ஸ்க்ரூ நிற்கும், சுற்றியுள்ள ஷீட்டை அது தின்றுவிடும்.

வேலைக்காரர்கள் கிரைண்டரால் ஷீட்டை வெட்ட விடாதீர்கள். பறக்கிற இரும்புப் பொறி பெயின்டில் ஒட்டிப் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். தகரக் கத்தரி போதும். வாரன்டி அட்டையில் கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று ஒரு வரி இருக்கும், அதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இப்போது கச்சான் காலத்தில் அவ்வப்போது இறவாரத்தடியைக் கழுவிவிடுகிறோம். நல்ல தண்ணீரில்தான். எங்கள் போர் தண்ணீரே உப்பு, அதை அடித்து என்ன பயன்! குடிக்கிற தண்ணீரைச் சுவருக்கு ஊற்றுகிறீர்களா என்று வீட்டில் பேச்சும் கேட்கவேண்டியிருக்கிறது.

அரித்த சுவருக்கு அடுத்து அலுமினிய ஷீட்தான். அது இரும்புப் பர்லினில் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) நேராகப் படக்கூடாது, நடுவே ரப்பர் டேப் ஒட்டவேண்டும். விலை கூடுதல்தான். ஒரு சுவருக்கு மட்டும் என்பதால் சமாளித்துவிடலாம்.