சினையில் சத்து ஏற: மீனெண்ணெயா, பாசித்தூளா?

பினாங்கில் மீன் சினைக் கறிக்கு ஆள் குறைவதே இல்லை. குளத்தில் வளரும் பாத்தின் என்ற நன்னீர்க் கெளுத்தி மீனின் சினையை நாசி கண்டார் (சோறும் கறியும் விற்கும்) கடைகளுக்குக் கொடுக்க நினைப்பவர், அதில் டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பமிலம் அதிகமாக வேண்டுமென்றால் தீவனத்தில்தான் சேர்க்க வேண்டும். ஆளிவிதை எண்ணெயை நம்ப வேண்டாம். நன்னீர் மீன் அதை ஓரளவுக்கே டிஎச்ஏவாக மாற்றும்.

மீனெண்ணெய் மலிவு, கிடைப்பதும் சுலபம். டிஎச்ஏவோடு இபிஏ என்ற இன்னொரு ஒமேகா-3யும் சேர்ந்தே வரும். ஸ்கைசோகைட்ரியம் என்ற நுண்பாசியின் தூளில் இபிஏ சொற்பம், விலையும் கூடுதல். இருந்தும் நாங்கள் பாசித்தூளையே தேர்ந்தெடுத்தோம். காரணம் ஒன்றுதான்: நம் ஊர் வெக்கையில் மீனெண்ணெய் சீக்கிரம் காறிப்போகிறது.

பீப்பாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் காற்று புகுகிறது. பாதிக்கு மேல் காலியானால் உள்ளே எண்ணெயை விடக் காற்றே அதிகம். இரும்புப் பீப்பாயில் துரு பிடித்திருந்தால் இன்னும் மோசம். இரும்பு அந்தக் கெடுதலை வேகப்படுத்தும். பழைய பெயின்ட் போல வாடை அடித்தால் அந்த எண்ணெயைக் கொட்டிவிட வேண்டியதுதான். காறிய எண்ணெய் தீவனத்திலுள்ள வைட்டமின் ஈயையும் தின்றுவிடும். சத்து ஏற்றப் போய், இருந்ததும் குறையும். மீனெண்ணெய்தான் வேண்டும் என்பவர்கள் வெளிச்சம் புகாத சிறிய பிளாஸ்டிக் கேன்களில் வாங்கி, குளிரில் வைத்து, திறந்ததை இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

பாசித்தூளில் கொழுப்பு உலர்ந்த செல்லுக்குள்ளேயே அடங்கியிருப்பதால் அவ்வளவு விரைவாகக் கெடாது. ஆனால் ஈரம் ஆகாது. ஃபாயில் பையின் வாயை இறுக்கி மூடியே வையுங்கள்.

அளவுக்கு, பையில் போட்டிருக்கும் டிஎச்ஏ விழுக்காட்டைப் பாருங்கள். ஒரு கிலோ தீவனத்துக்கு 16% தூளில் 15 கிராம் போட்டால் 2.4 கிராம் டிஎச்ஏ. 12% மீனெண்ணெயில் அதற்கு 20 கிராம் வேண்டும். 10 கிலோ மிதவைத் தீவனத்துக்கு 150 கிராம் தூளைத் தூவிப் புரட்டி, 3% மீன் ஜெலட்டின் கரைசலை 300 மில்லி தெளித்து, நிழலில் மின்விசிறி வைத்து உலர்த்துங்கள். மாட்டு ஜெலட்டின், பன்றி ஜெலட்டின் இரண்டும் வேண்டாம்; வாங்குகிறவர்களில் யாராவது ஒருவருக்கு ஆகாது. கரைசல் கூடினால் தீவனம் ஊறிப் பூஞ்சை பிடிக்கும், குறைந்தால் தூள் தண்ணீரிலேயே கரைந்து போகும். கலந்ததை இரண்டு நாளுக்குள் போட்டுவிடுங்கள்.

சினையில் மஞ்சள் கரு சேரும் பருவத்தில், அறுவடைக்குக் குறைந்தது 2 மாதம் முன்பே தொடங்க வேண்டும். கடைசி வாரத்தில் கொட்டுவது வீண். இதெல்லாம் பாத்தினுக்கான கணக்கு. சியாக்காப்புக்கு (கொடுவா மீன்) அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். கடல் மீனுக்கு இபிஏவும் தேவைப்படுவதால் அங்கே மீனெண்ணெயை முழுக்க விட முடியாது.

நிறத்தை வைத்துச் சத்தை எடைபோடாதீர்கள். ஆரஞ்சு நிறம் அஸ்டாக்சாந்தின் போன்ற நிறமிகள் தருவது. டிஎச்ஏ ஏறியதா என்பது கொழுப்பமிலப் பரிசோதனையில்தான் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்கத் தூள் போடாத குளத்துச் சினையையும் சேர்த்து அனுப்புங்கள்.