பச்சைக் குறியை நம்பி ஓடிய இரண்டு ஆண்டுகள்

“உங்கள் அலுவலகத்தில் ஸ்லாக்கையும் டீம்ஸையும் நிரல் எழுதாமலேயே இணைத்து வைத்திருக்கிறீர்களாமே, நாங்களும் அப்படிச் செய்யலாமா?” என்று நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். ஸ்லாக், டீம்ஸ் இரண்டும் அலுவலகத்தில் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொள்ளும் செயலிகள். ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்ட நேரம் சரியில்லை. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் அந்த இணைப்பைப் பழுது பார்ப்பதில்தான் கழித்திருந்தேன். ஆகவே இதில் கொஞ்சம் கோபம் கலந்திருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு செயலியில் நடப்பதைக் கவனித்து இன்னொன்றில் தானாகவே வேலையைச் செய்யும் ஜேப்பியர், மேக் போன்ற தானியக்கச் சேவைகளைப் பற்றி இதற்கு மேல் விளக்கப்போவதில்லை. நாங்கள் பணம் கட்டிப் பயன்படுத்தும் சேவை எது என்பதையும் சொல்லப்போவதில்லை. நடந்ததில் பாதிப் பழி எங்களுடையது.

கோவையில் 16 பேர் வேலை பார்க்கும் அலுவலகம் எங்களுடையது. ஜெர்மனியில் உள்ள ஒரு வாடிக்கையாளரின் கிடங்கு மென்பொருளைப் பராமரிக்கிறோம். நாங்கள் ஸ்லாக்கில் இருக்கிறோம், அவர்கள் டீம்ஸில் இருக்கிறார்கள், இரு தரப்பும் மாறுவதாக இல்லை. ஸ்லாக்கிலேயே வெளி நிறுவனங்களோடு சேனலை, அதாவது குழு உரையாடல் பக்கத்தை, பகிர்ந்துகொள்ளும் வசதி உண்டு என்றாலும், அதற்கு எதிர்ப்பக்கமும் ஸ்லாக்கில் இருந்தாக வேண்டும். அதனால் முதல் ஓராண்டு, ஒருவர் இரண்டு திரைகளையும் திறந்து வைத்துக்கொண்டு இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் நகலெடுத்து ஒட்டிக்கொண்டிருந்தார். கோடைக் காலத்தில் அவர்களுக்குக் காலை ஒன்பது மணி என்பது நமக்குப் பகல் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. ஆகவே எங்கள் மதியச் சாப்பாட்டு நேரம்தான் அவர்களுடைய கேள்விகள் வந்து குவியும் நேரம்.

இணைப்பு வந்த பிறகு அந்த வேலை அடியோடு ஒழிந்தது, இதை மறைக்க முடியாது. டீம்ஸ் சேனலில் அவர்கள் ஒன்றைப் பதிவிட்டால் சில நொடிகளில் எங்கள் ஸ்லாக் சேனலில் அனுப்பியவர் பெயரோடு அது தோன்றும். நாங்கள் அதன் கீழ் த்ரெட்டில், அதாவது அந்தச் செய்திக்கே உரிய பதில் வரிசையில், பதில் சொன்னால் டீம்ஸிலும் அதே பதிவின் கீழே போய் உட்காரும். வெளிச் சேவைகளின் செய்திகளை டீம்ஸுக்குள் கொண்டுவர நெடுநாளாக இருந்துவந்த ஆஃபிஸ் 365 கனெக்டர்களை நிறுத்தப்போவதாக 2024 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தபோது, அவற்றின் வெப்ஹுக் முகவரிகளை (செய்தியை அனுப்பிவைக்கும் இணைய முகவரிகளை) நேரடியாக ஒட்டி வைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் வேறு வழிக்கு மாற்ற வேண்டியிருந்தது. எங்கள் இணைப்பு அந்த வழியில் போகாததால் நாங்கள் ஒரு பொத்தானைக்கூட அழுத்தவில்லை. அன்று அந்தச் சேவையின்மேல் எனக்கு வந்த மதிப்பு சாதாரணமானதல்ல.

முதல் நாள் ஒரு கூத்து நடந்தது. ஸ்லாக்கில் எழுதியது டீம்ஸுக்குப் போனது, டீம்ஸில் வந்த புதிய செய்தி என்று அதை எடுத்துக்கொண்டு எதிர்த் தானியக்கம் ஸ்லாக்குக்கே திருப்பி அனுப்பியது, இப்படி ஒரே ‘காலை வணக்கம்’ திரும்பத் திரும்பச் சுற்றி வந்து, நாங்கள் அணைப்பதற்குள் மாத ஒதுக்கீட்டில் ஒரு பெரும் பங்கைத் தின்றுவிட்டது. அனுப்பியது ஆள் அல்ல, பாட் (தானாக இயங்கும் கணக்கு) என்றால் அங்கேயே நிறுத்து என்று ஒரு ஃபில்டர் வைத்ததும் தீர்ந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்த வேலையில் இறங்கும் எவரும் ஒருமுறை பட்டுத் தெரிந்துகொள்வதுதான்.

என் குறை வேறு. அதைச் சொல்ல, பதில்கள் எப்படிச் சரியான இடத்தைக் கண்டுபிடிக்கின்றன என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஸ்லாக்கில் ஒவ்வொரு செய்திக்கும் அடையாளமாக இருப்பது அதன் நேர முத்திரை: 1718003412.204580 என்பதைப் போல, புள்ளிக்கு முன் பத்து இலக்கம், பின் ஆறு இலக்கம். பார்க்க எண்ணைப் போல இருந்தாலும் அதை எழுத்துச் சரமாகத்தான் நடத்த வேண்டும், ஓர் இலக்கம் உதிர்ந்தாலும் அது வேறு செய்தியாகிவிடும். டீம்ஸ் செய்திக்குத் தனி அடையாளம் உண்டு. எந்த முத்திரைக்கு எந்த அடையாளம் ஜோடி என்பதை எங்கள் தானியக்கம் ஒரு கூகுள் ஷீட்டில், அதாவது இணைய விரிதாளில், எழுதி வைக்கும். ஸ்லாக்கில் பதில் வந்தால், அது எந்தச் செய்தியின் கீழ் வந்ததோ அதன் முத்திரையை ஷீட்டில் தேடும். கிடைத்தால் டீம்ஸில் அந்தப் பதிவின் கீழ் பதிலைப் போடும். கிடைக்காவிட்டால், செய்தி தொலைந்துபோகக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், சேனலில் புதிய பதிவாகப் போட்டுவிடும். அந்த நல்லெண்ணத்தை அமைத்தவன் நான்தான்.

சில மாதங்களில் எங்கள் பதில்கள் டீம்ஸில் தனித்தனியாக வந்து நிற்கத் தொடங்கின, அடுத்த மாதம் தானாகச் சரியாகிவிட்டது, பின் மறுபடி வந்தது. “தயவுசெய்து பதில்களை உரிய த்ரெட்டிலேயே இடுங்கள்” என்று வாடிக்கையாளர் தரப்பிலிருந்து மிகப் பணிவாக இருமுறை எழுதினார்கள். தானியக்கம் ஓடிய ஒவ்வொரு முறையையும் குறித்து வைக்கும் சேவையின் ஓட்டப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். வரிசையாக எல்லாம் பச்சைக் குறி, ஒவ்வொன்றின் எதிரிலும் ‘வெற்றி’. எனவே தவறு ஆட்களுடையது என்று முடிவு செய்தேன். புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணைக் கூப்பிட்டு, டீம்ஸ் திரையின் படத்தைக் காட்டி, த்ரெட்டில் பதில் சொல்வது எப்படி என்று விளக்கினேன். “த்ரெட்டில்தான் போட்டேன், சார்” என்றார். பச்சைக் குறியை நம்பிய அளவுக்கு நான் அவரை நம்பவில்லை. இதை எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

விஷயம் முற்றியது சென்ற மாதம். அன்று பிற்பகல் டீம்ஸில் அடுத்தடுத்து இரண்டு கேள்விகள் வந்தன: புதிய பதிப்பை இன்றிரவு ஏற்றலாமா என்பது ஒன்று, பழைய விலைப்பட்டியலை நீக்கிவிடலாமா என்பது இன்னொன்று. எங்கள் ஆள் முதல் கேள்விக்கு, அதன் த்ரெட்டிலேயே, “தாராளமாகச் செய்யலாம்” என்று எழுதினார். அது டீம்ஸில் தனிப் பதிவாக, இரண்டாம் கேள்விக்கு நேர் கீழே போய் விழுந்தது. அவர்கள் விலைப்பட்டியலை நீக்கிவிட்டார்கள். முந்தைய இரவின் காப்புப் பிரதி இருந்ததால் அன்று மாலைக்குள் மீட்டோம். இல்லையென்றால் இந்தக் கட்டுரையின் தொனி வேறாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு, ஒழுங்காக ஓடிய ஒரு மாதத்தின் தாளையும் ஓடாத மாதத்தின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் எதுவும் புலப்படவில்லை. பிறகுதான் கண்ணில் பட்டது: சரியான தாளில் முத்திரைகள் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றன, மற்றதில் வலப்பக்கம். ஷீட் எழுத்தை இடப்பக்கமும் எண்ணை வலப்பக்கமும் வைக்கும். அதாவது அந்தத் தாளில் முத்திரை எண்ணாக மாறி, வால் இலக்கங்களை இழந்திருந்தது. தேடினால் எப்படிக் கிடைக்கும்? மாதத்துக்கு ஒரு தாள் வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். பழைய தாளை நகலெடுத்துப் புதியதைத் தொடங்கிய மாதங்களில் ‘வெறும் எழுத்து’ என்ற வடிவமைப்பும் கூடவே வந்தது. யாராவது வெற்றுத் தாளைச் சேர்த்த மாதங்களில் வரவில்லை. ஷீட் அதை எழுத்தாகவே எடுத்துக்கொள்வதற்காக, முத்திரைக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைச் சேர்த்து எழுதும்படி தானியக்கத்தில் மாற்றினேன். அவ்வளவுதான் பழுது நீக்கம்: ஒரே ஒரு குறி.

நியாயமாகப் பார்த்தால் சேவை பொய் சொல்லவில்லை. தேடச் சொன்னோம், தேடியது. கிடைக்கவில்லை என்றால் இப்படிச் செய் என்றோம், செய்தது. அதன் கணக்கில் அது வெற்றிதான். உதவிக் குழுவுக்கு எழுதியபோது அவர்களும் இதையேதான் சொன்னார்கள், தகுந்த மரியாதையோடு. எனக்குத்தான் மனம் ஆறவில்லை. ‘கிடைக்கவில்லை’ என்ற கிளையில் போன ஓட்டத்துக்கு ஒரு மஞ்சள் நிறமாவது காட்டியிருக்கக் கூடாதா? நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கென்று விற்கும் பொருளில், எழுத்துக்கும் எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை வாங்குபவரே தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்றால், நிரலின் எந்தப் பகுதியைத்தான் நமக்கு மிச்சப்படுத்துகிறார்கள்? நான் நிரல் எழுதுபவன், எனக்கே இத்தனை மாதம் ஆனது.

செலவையும் நண்பர் கேட்டிருந்தார். கட்டணம் செய்திக் கணக்கில் இல்லை, படிக் கணக்கில். பெயர் தேடுவது, ஷீட்டில் தேடுவது, அனுப்புவது, ஷீட்டில் எழுதுவது என்று ஒரு செய்தி கடக்க நான்கு படிகள் ஆகின்றன. பெயர் தேடும் படியை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அதை எடுத்துவிட்டால் ஒருவரைக் குறிப்பிட்டு எழுதிய இடத்தில் பெயருக்குப் பதிலாக எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடுதான் அக்கரையில் தெரியும். நாங்கள் அமைத்திருக்கும் விதத்தில் திருத்தங்களும் நீக்கங்களும் கடப்பதில்லை; அதற்கும் தனித்தனி தானியக்கம், தனிச் செலவு. விருப்பக் குறிகள் கடக்காததைப் பற்றி எவருக்கும் வருத்தமில்லை.

நண்பருக்கு “வேண்டாம், வாங்காதீர்கள்” என்று எழுதி அனுப்பிவிட்டேன். அந்தப் பெண்ணிடம் திங்கட்கிழமை காலையிலேயே நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, புதிய மாதத் தாளை இனி தானே திறப்பதாகச் சொன்னார். எங்கள் ஆண்டுச் சந்தா வரும் 14ஆம் தேதி முடிகிறது. புதுப்பிப்பதற்கான ஒப்புதலில் வெள்ளிக்கிழமையே கையெழுத்திட்டுவிட்டேன், இந்த முறை ஒரு படி மேலான திட்டத்துக்கு.