அடுத்தவர் நிரலை எங்கே ஓட்டுவது: வொர்க்கரா, ஐஃபிரேமா, வெப்அசெம்பிளியா?

பிள்ளைகள் ஜாவாஸ்கிரிப்ட் எழுதிப் பழக ஒரு சின்னத் தளம் கட்டினேன். எழுதியதை அங்கேயே ஓட்டிப் பார்க்கலாம். முதல் வாரமே ஒரு மாணவி வைல் லூப்பில் எண்ணைக் கூட்ட மறந்துவிட்டாள். பக்கம் உறைந்துபோனது. டேபை மூடியதும் அதுவரை எழுதிய பயிற்சிகளும் போயின. அவள் மேல் தப்பே இல்லை. அடுத்தவர் நிரலை என் பக்கத்தின் நடுக்கூடத்தில் ஓடவிட்டது நான். அதன்பிறகு மூன்று வழிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.

ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். உள்ளே ஓடும் நிரல் எதையெல்லாம் தொடும்? நினைத்த நேரத்தில் அதை நிறுத்த முடியுமா?

இரண்டாவது கேள்விக்கு வெப் வொர்க்கர் அருமையான பதில். நிரல் பக்கத்தோடு கலக்காமல், பின்னணியில் ஒரு தனி த்ரெட்டில் (தனி ஓட்டப் பாதையில்) ஓடும். மூன்று நொடியில் பதில் வராவிட்டால் டெர்மினேட் என்று ஒரு வரி போதும், பக்கம் அசங்காது. இதைப் பார்த்துவிட்டு ‘வொர்க்கரில் போட்டாச்சு, இனி பயமில்லை’ என்று நிம்மதியாகிவிடுகிறவர்கள் நிறைய. ஆபத்து அங்கேதான். பக்கத்தின் டாமை, அதாவது திரையில் தெரியும் உறுப்புகளின் அமைப்பை, வொர்க்கரால் தொட முடியாது, உண்மை. ஆனால் அது ஓடுவது உங்கள் தளத்தின் ஆரிஜினிலேயே, அதாவது உங்கள் தள முகவரிக்கு உள்ள உரிமைகளோடு. உங்கள் சர்வருக்கு ஃபெட்ச் வழியே கோரிக்கை போட்டால், பயனரை அடையாளம் காட்டும் குக்கியும் கூடவே போகும். உங்கள் தளத்தின் தரவைப் பிரவுசர் சேமித்துவைக்கும் இண்டெக்ஸ்டுடிபியைத் திறந்து படிக்கும்.

முதல் கேள்விக்கான பதில், சாண்ட்பாக்ஸ் பண்பு சேர்த்த ஐஃபிரேம்: பக்கத்துக்குள் அடைத்து வைத்த இன்னொரு பக்கம். நிரல் ஓடவிடும் அலவ்-ஸ்கிரிப்ட்ஸ் அனுமதியை மட்டும் கொடுத்தால் உள்ளே ஓடும் நிரலுக்கு ஊர் பேர் இல்லாத ஒரு ஆரிஜின்தான் கிடைக்கும். குக்கி, லோக்கல் ஸ்டோரேஜ், தாய்ப் பக்கத்தின் டாம் எதுவும் கைக்கு எட்டாது. பேச வேண்டுமானால் போஸ்ட்மெசேஜ் இருக்கிறது. லோக்கல் ஸ்டோரேஜ் எரர் அடித்ததும் பலர், சொந்த ஆரிஜினைத் திருப்பித் தரும் அலவ்-சேம்-ஆரிஜினையும் சேர்த்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உள்ளே இருக்கும் பக்கமும் உங்கள் டொமைனிலிருந்தே வந்தால், அந்த நிரல் தாய்ப் பக்கத்தைப் பிடித்து, சாண்ட்பாக்ஸ் பண்பையே அழித்துவிட்டு, ஃபிரேமை மறுபடி லோட் செய்துகொள்ளும். பூட்டைப் போட்டுச் சாவியை உள்ளே இருப்பவரிடமே கொடுத்த மாதிரி.

முடிவில்லா லூப் வந்தால் ஐஃபிரேம் தனியாகக் காப்பாற்றாது. இரண்டு பக்கங்களையும் பிரவுசர் ஒரே ப்ராசஸில் (ஒரே செயல்முறையில்) ஓட்டினால் சேர்ந்தே உறையும். அதனால் ஐஃபிரேமுக்கு வேறு டொமைன் வாங்குவது நல்லது. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற சிப் குறைபாடு வெளிவந்தபோது இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது: ஒரே ப்ராசஸில் இருக்கும் நிரல், நேரத்தை அளந்தே அருகில் இருப்பவரின் நினைவகத்தை ஊகிக்க முடியும். அதே ஆண்டு குரோம் 67, டெஸ்க்டாப்பில் ஒவ்வொரு தளத்தையும் தனி ப்ராசஸில் பிரித்து வைத்தது.

அப்புறம் வெப்அசெம்பிளி: வேறு மொழிகளில் எழுதியதையும் பிரவுசரில் ஓட்டக் கம்பைல் செய்யும் வடிவம். 2017இல் நான்கு பெரிய பிரவுசர்களிலும் வந்துவிட்டது. இதன் அமைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். நிரலுக்கென்று தனி நினைவகம், 64 கேபி பக்கங்களாக வளரும். நீங்கள் இம்போர்ட்டாகக் கொடுக்கும் ஃபங்ஷன்களைத் தவிர வெளியுலகம் அதற்குத் தெரியாது. வடிவமைப்புக் கருவியான ஃபிக்மா இதை நம்பித்தான் தன் பிளகின்களை, அதாவது பிறர் எழுதும் துணை நிரல்களை, ஓட்டுகிறது. 2019இல் அவர்கள் முதலில் எடுத்தது, ஜாவாஸ்கிரிப்டுக்குள்ளேயே வேலி போடும் ரியல்ம்ஸ் ஷிம். அதில் ஓட்டைகள் தெரியவந்ததும், குவிக்ஜேஎஸ் என்ற சிறிய ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜினை வெப்அசெம்பிளியாகக் கம்பைல் செய்து அதற்குள் பிளகினை வைத்தார்கள். குவிக்ஜேஎஸில் நினைவகத்துக்கு வரம்பு வைக்கலாம், ஓட்டத்தை இடைமறித்து நிறுத்தவும் செய்யலாம். விலை, வேகம்: ஓடும்போதே நிரலை இயந்திர மொழியாக்கும் ஜிட் கிடையாது, ஆகவே பிரவுசரின் சொந்த இன்ஜினைவிடப் பல மடங்கு மெதுவாக ஓடும்.

வெப்அசெம்பிளி என்ற பெயர் மட்டும் காவல் ஆகாது. பைதானுக்குப் பலரும் எடுப்பது, வெப்அசெம்பிளியாகக் கம்பைல் செய்த பைதானான பையோடைட். அதில் ‘ஜேஎஸ்’ என்ற மாட்யூலை இம்போர்ட் செய்தால் போதும், பக்கத்தின் டாக்குமெண்ட் பைதானின் கைக்கு வந்துவிடும். வசதிக்காக வைத்த கதவு அது. பையோடைடை நேராகப் பக்கத்தில் ஏற்றியவர், அடுத்தவரின் பைதானுக்கு வீட்டையே திறந்துவிட்டார்.

என் தீர்ப்பு: ஐஃபிரேம் இல்லாமல் எதையும் ஓட்டாதீர்கள். வேறு டொமைன், அலவ்-ஸ்கிரிப்ட்ஸ் மட்டும், அதற்குள்ளே வொர்க்கர். ஃபெட்ச் வழியே வெளியே கோரிக்கை போகாமல், சிஎஸ்பியில் (பக்கம் எதையெல்லாம் தொடர்புகொள்ளலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் விதிகளில்) கனெக்ட்-எஸ்ஆர்சியை அடைத்துவிடுங்கள். ரகசியம் எதையும் உள்ளே அனுப்பாதீர்கள். தாய்ப் பக்கம் வரும் செய்தியை, அது அந்த ஃபிரேமிலிருந்துதான் வந்ததா என்று பார்த்த பிறகே எடுத்துக்கொள்ள வேண்டும். குவிக்ஜேஎஸ் வழி, பிளகின் உங்கள் செயலியின் தரவோடு நெருங்கிப் பழக வேண்டிய இடத்துக்கு. சின்னப் பயிற்சித் தளத்துக்கு அவ்வளவு தேவையில்லை.

என் தளம் இப்போது அப்படித்தான் ஓடுகிறது. அதே லூப்பை இன்று எழுதினால் மூன்றாவது நொடியில் ‘நிரல் நிற்கவில்லை, லூப்பைப் பாருங்கள்’ என்று சிவப்பில் ஒரு வரி வரும். எழுதியது அப்படியே இருக்கும்.