பாராசூட் ரிக்குக்கு வீட்டில் தைத்த பயண உறை: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கலிஃபோர்னியாவின் பெரிஸ், அரிசோனாவின் இலோய் என்று எங்கே விமானத்திலிருந்து குதிக்கப் போனாலும் என் ரிக் (பாராசூட்டுகளை மடித்து வைத்து முதுகில் மாட்டும் பை) இந்த உறைக்குள்தான் வருகிறது. கடையில் கிடைக்கும் கியர் பைகள் அடிபடாமல் காக்கும். என் கவலை வேறு: ரிசர்வ் எனும் அவசரப் பாராசூட்டைத் திறக்கும் ஹேண்டில். அது எதிலாவது மாட்டி இழுபட்டால் ரிசர்வ் திறந்துவிடும். அமெரிக்காவில் அதைச் சான்றிதழ் பெற்ற ரிக்கர் எனும் பாராசூட் மடிப்பு வல்லுநர்தான் மறுபடி மடித்து சீல் வைக்க வேண்டும். குதிக்க வந்த வார இறுதி அதோடு போயிற்று.

அதனால் உடம்பில் மாட்டும் பட்டைகளான ஹார்னஸ் பக்கம் மேலே இருக்கும்படி ரிக்கை வைத்து, ஹேண்டில்கள் மேல் ஒரு தனி மடிப்பு விழும்படி தைத்தேன். ஓரத்தில் பிளாஸ்டிக் பக்கிள் போட்டு இறுக்கிக்கொள்ளலாம். வெல்க்ரோ எங்குமே இல்லை. அதன் முரட்டுப் பக்கம் நைலானையும் கயிறுகளையும் பிராண்டி நூல் நூலாகக் கிளப்பிவிடும். ரிக்கைத் தொடும் பொருளில் அதற்கு இடம் கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வெளியே 1000 டெனியர் கார்டுரா எனும் கெட்டியான நைலான் துணி, உள்ளே வழவழப்பான நைலான், நடுவில் 5 மி.மீ. ஃபோம். ஃபோமை நான்கு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் குறைத்து வெட்டினால் அது தையலுக்குள் வராது, வீட்டு மெஷினே போதும். 100/16 ஜீன்ஸ் ஊசி, கெட்டியான பாலியஸ்டர் நூல், நீளத் தையல். மூலைகளில் துணி நாலைந்து மடிப்பாகச் சேரும் இடத்தில் மோட்டாரை நம்பாமல் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். கைப்பிடிப் பட்டைக்குக் கட்டம் போட்டு, நடுவே பெருக்கல் குறித் தையல். இன்றுவரை ஒரு நூல்கூட விடவில்லை.

10ஆம் எண் ஜிப் மூன்று பக்கமும் ஓடுவதால் உறை முழுதாக விரிந்துகொடுக்கும். விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் இதன் அருமை தெரியும். பாராசூட் பைக்குள் வேறெதுவும் வைக்க வேண்டாம் என்பது அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்ஏவின் அறிவுரை; பையைத் திறந்து பார்க்க வேண்டுமென்றால் பைக்குச் சொந்தக்காரர் உடனிருக்க வேண்டும். ஹெல்மெட், உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் எல்லாம் வேறு பையில். ஆபத்தில் ரிசர்வைத் தானாகத் திறக்கும் சைப்ரஸ் கருவியின் எக்ஸ்ரே படம் அச்சிட்ட அட்டைக்கு வெளிப்புறத்தில் ஒரு கண்ணாடித்தாள் பாக்கெட் தைத்திருக்கிறேன். அதைக் காட்டிவிட்டு, ஜிப்பை நானே திறப்பேன். ரிக்கை யாரும் தூக்கிப் புரட்டாமலே எல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் தேய்ந்தவை கீழ் மூலைகள். மேலே ஒட்டுத்துணி வைத்துத் தைத்துவிட்டேன். வெயிலில் நிற்கும் காருக்குள் அடிக்கடி கிடந்ததால் ஒரு பக்கத்துக் கார்டுராவின் உட்பூச்சு பிசுபிசுத்து உதிரத் தொடங்கியது, அந்தத் துண்டை முழுதாக மாற்ற வேண்டியதாயிற்று. நைலான் உட்துணி தடுத்ததால் ரிக்கில் ஒரு துகள்கூடப் படவில்லை. வெளித்துணியின் நிறமும் நன்றாக வெளுத்துவிட்டது. அந்த வெயில் ஹார்னஸ் நைலானில் விழுந்திருந்தால் அதன் வலுவைத்தான் தின்றிருக்கும்.

எடை மட்டும்தான் குறை. ரிக் ஒன்றே பத்து கிலோவை ஒட்டி வரும். கைப்பைக்கு 7 கிலோதான் என்று கறாராக நிறுத்துப் பார்க்கும் விமானங்களில் உறையோடு பெரிய பெட்டிக்குள் வைத்து செக்-இன் செய்துவிடுகிறேன். அடுத்த உறையில் ஹேண்டில் மடிப்புக்கு மட்டும் 5 மி.மீ. ஃபோம், முதுகுப் பக்கத்துக்கு 3 மி.மீ. போதும் என்று முடிவு செய்து துணியும் வெட்டியாகிவிட்டது.