192 என்று காட்டி 48-ஐத் தலையில் கட்டிவிட்டார்கள்: டாக் வாங்குகிறவர்கள் படியுங்கள்

போனது 14,500 ரூபாய். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அதே பெட்டி இன்று காலையிலும் அதே பக்கத்தில், "3 பீஸ்தான் இருக்கு" என்ற வரியோடு விற்பனையில் இருக்கிறது.

லேப்டாப் யுஎஸ்பியில் மாட்டி, அங்கிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஆர்சிஏ வயர் கொடுக்கும் வெளி டாக் பெட்டி அது, அதாவது டிஜிட்டல் பாட்டை அனலாக் ஒலியாக மாற்றும் பெட்டி. விற்றது சமூக வலைதளத்தில் பக்கம் வைத்து இறக்குமதி ஆடியோ சாமான் விற்கும் ஒரு கடை. உள்ளே ஒலியாக மாற்றும் ஈஎஸ்எஸ் 9038 சிப், லேப்டாப்பிலிருந்து பாட்டை வாங்கும் எக்ஸ்மாஸ் யுஎஸ்பி போர்டு, 32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 384 ஆயிரம் ஒலி மாதிரிகள்) வரை என்றார்கள். 5 நாள் கழித்துக் கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தது பிசிஎம்2704 சிப் போட்ட போர்டு. 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். அதற்கு மேல் ஒரு படிகூட ஏறாது. அந்தப் போர்டு தனியாகச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

நம்பிய இடம் எது என்று சொல்கிறேன், ஏனென்றால் விவரம் தெரிந்தவர்களும் விழுவது அங்கேதான். பணம் கட்டுவதற்கு முன் வீடியோ கேட்டேன். அனுப்பினார்கள். லேப்டாப்பில் பெட்டி மாட்டியிருக்கிறது, பாட்டு ஓடுகிறது, பிளேயரின் அடிவரியில் "192000" என்று தெளிவாகத் தெரிகிறது, பெட்டியின் முகப்பிலும் "192" என்று நீல லைட் எரிகிறது. "பாருங்ணா, உங்க கண்ணு முன்னாடியே ஓடுது" என்றார். உடனே யுபிஐயில் 14,500 போட்டேன்.

பிளேயரில் தெரியும் அந்த எண், ஃபைல் எந்த வேகத்தில் பதிவானது என்பதை மட்டும் சொல்கிறது. டாக்குக்கு என்ன போகிறது என்பதை அது சொல்லாது. விண்டோஸின் சாதாரண வழியில் பாட்டு போட்டால், நடுவில் ஒலிகளைக் கலந்து அனுப்பும் மிக்ஸர், 48 மட்டுமே தாங்கும் டாக்குக்கு 192-ஐ 48 ஆக மாற்றி அனுப்பிவிடும். எரர் வராது, பாட்டு நிற்காது, எந்த மெசேஜும் காட்டாது. காதுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இந்த ஓட்டைக்குள்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. அதனால் பாட்டு ஓடும் வீடியோவைப் பத்துப் பைசாவுக்கு நம்பாதீர்கள்.

முகப்பு லைட்டின் கதை இன்னும் மோசம். பெட்டியை லேப்டாப்பிலிருந்து கழற்றி ஒரு மொபைல் சார்ஜரில் மாட்டினேன். சார்ஜரில் பாட்டும் இல்லை, டேட்டாவும் இல்லை, வெறும் 5 வோல்ட் கரண்ட்தான். "192" அப்போதும் எரிந்தது. பிறகு திறந்து பார்த்தால், யுஎஸ்பியின் 5 வோல்ட்டிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக நேராக எல்இடிக்கு வயர் போகிறது. சிப்புக்கும் அந்த எண்ணுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

லேப்டாப் பொய் சொல்லாது. மாட்டியவுடன் டிவைஸ் மேனேஜர், சவுண்ட் பிரிவு, அந்த டிவைஸின் பிராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ், அதில் ஹார்டுவேர் ஐடி என்று போங்கள். இதில் விஐடி (கம்பெனி எண்) 08பிபி, பிஐடி (பொருள் எண்) 2704 என்று வந்தது. 08பிபி என்பது டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எண். எக்ஸ்மாஸ் என்று சொல்லி விற்கும் பெட்டியில் பெரும்பாலும் 20பி1 வரும். சில கம்பெனிகள் தங்கள் சொந்த எண்ணைப் போடுவார்கள், அது தப்பில்லை. ஆனால் 2704 என்று வந்தால் பேச்சுக்கே இடமில்லை. அடுத்து சவுண்ட் கன்ட்ரோல் பேனலில் பிளேபேக், பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு. அங்கே உள்ள பட்டியலில் கடைசி வரி என்னவோ அதுதான் உங்கள் டாக். இதில் 16 பிட், 48000-உடன் முடிந்துவிட்டது. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம்: லினக்ஸின் ஆடியோ பகுதியான ஆல்சாவின் ஸ்ட்ரீம்0 ஃபைலைத் திறந்தால் ரேட்ஸ் வரியில் எல்லாம் எழுதியிருக்கும்.

இனி அவர்கள் தட்டிக்கழித்த விதம்.

முதலில் "டிரைவர் போடுங்ணா, வந்துரும்." ஒரு ஜிப் ஃபைல் அனுப்பினார்கள். அது எக்ஸ்மாஸுக்கான டிரைவர். பெட்டி மாட்டியிருக்கும்போதே "டிவைஸை மாட்டுங்கள்" என்று கேட்டுக்கொண்டு நின்றது. தேடும் எண் அங்கே இல்லை, எப்படிக் கண்டுபிடிக்கும்? தவிர, 2017-ல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்தே இந்த மாதிரி டாக்குகளுக்கான யுஎஸ்பி ஆடியோ 2.0 டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது, 192 தெரிய தனி டிரைவர் தேவையே இல்லை.

இரண்டு நாள் கழித்து "கேபிள் மாத்திப் பாருங்க." மாற்றினேன், மூன்று கேபிள். இந்தச் சிப் 'ஃபுல் ஸ்பீடு' என்ற பழைய யுஎஸ்பி வேகத்தில் மட்டும் ஓடுவது, நொடிக்கு 12 மெகாபிட். அதில் ஒரு ஆடியோ ஓடைக்கு ஒரு மில்லிசெகண்டுக்கு அதிகபட்சம் 1023 பைட், அதாவது நொடிக்குச் சுமார் 8.18 மெகாபிட். 192000, 24 பிட், இரண்டு சேனல் பெருக்கினால் 9.2 மெகாபிட். குழாயில் கொள்ளாத தண்ணீர். தங்கத்தில் கேபிள் போட்டாலும் போகாது. இந்தக் கணக்கை எழுதி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

நான்காம் நாள் "உங்க ஊரு மலைங்ணா, பனி ஈரத்துல போர்டு அடிச்சிருக்கும்." எனக்கு ரத்தம் கொதித்தது இதைக் கேட்டுத்தான். இங்கே ஈரத்தால் கனெக்டர் பின்னில் பச்சை பிடிக்கும், கனெக்‌ஷன் விட்டு விட்டு வரும், கரகரக்கும், எல்லாம் உண்மை. ஆனால் ஈரம் பட்டு ஒரு சிப்பின் அடையாள எண் மாறாது.

லேப்டாப் சார்ஜர் மாட்டியிருக்கும்போது ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஹம் வருவதையும் சொன்னேன். "உங்க வீட்டு எர்த் சரியில்ல" என்றார். இது ஒன்று மட்டும் சரியாக இருக்கலாம். சார்ஜரைக் கழற்றினால் ஹம் நின்றது, எர்த் வழியாகச் சுற்றி வரும் இரைச்சல், அதாவது கிரவுண்ட் லூப்தான். பாறை மேல் நிற்கும் வீடுகளில் நல்ல எர்த் கிடைப்பது கஷ்டம். அதற்காக 2704 சிப் 9038 ஆகிவிடாது.

எட்டாம் நாள் அண்ணா போய் சார் வந்தது. "ரிட்டர்ன் 7 நாள்தான் சார். அதுவும் நீங்க ஸ்க்ரூ கழட்டிட்டீங்க." அந்த 7 நாளையும் டிரைவர், கேபிள் என்று ஓட்டியது அவர்கள். 14,500 ரூபாய்க்கு பில் கேட்டேன், "பில் போட்டா ஜிஎஸ்டி தனி சார்" என்று பதில். இப்போது பிளாக் செய்துவிட்டார்கள்.

எப்படி வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவை மட்டும்.

பணம் கட்டும் முன் வீடியோ கேட்டால் ஹார்டுவேர் ஐடி, அட்வான்ஸ்டு பட்டியல் இரண்டையும் கேளுங்கள், பாட்டு வேண்டாம். பார்சலை லேபிள் தெரிய வீடியோ எடுத்தபடி ஒரே டேக்கில் பிரியுங்கள், அன்றைக்கே சோதியுங்கள், சோதிக்கும்போது ஹப் வேண்டாம், நேராக லேப்டாப்பில். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் டாக்கே தெரியாது, அதை வைத்துக் கடைக்காரரைத் திட்டாதீர்கள். ரிட்டர்ன் கேட்பதை முதல் நாளே எழுத்தில் கேளுங்கள், அதற்குமுன் ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள். நான் வைத்தது அவர்களுக்கு வசதியாகிவிட்டது. யுபிஐயில் முன்பணம் வேண்டாம், கிரெடிட் கார்டு என்றால் பேங்க் வழியாகத் தகராறு எழுப்ப வழி உண்டு.

ஏமாந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930, கடை மேல் புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் இருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. சாட் எல்லாவற்றையும் அவர்கள் அழிப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், தேதி தெரிகிற மாதிரி.