பாஸ்டர் ஹீரோன்னா பொய் டேட்டிங்கா, பொய் நிச்சயமா?

பாஸ்டர் ஹீரோவா வர்ற காதல் கதையில, ஜோடி சும்மா காதலிக்கிற மாதிரி நடிக்கணுமா, இல்ல நிச்சயமான மாதிரி நடிக்கணுமான்னுதான் கேள்வி. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கதை நடக்குதுன்னா முதல்ல ஒண்ணு, ஹீரோவ சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை ஆளா வைக்கணும், ஏன்னா கத்தோலிக்க ஃபாதருக்கு கல்யாணமே கிடையாது.

பொய் டேட்டிங் வச்சா ஆரம்பம் ஜாலியா இருக்கும். ரெண்டு பேரும் தனுஷ்கோடி ரோட்டுல பைக்ல போனாலே போதும், சாயங்காலத்துக்குள்ள சபை முழுக்க தெரிஞ்சிடும், அதுவும் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையிலதான் நிக்கும், ஆம்பளைங்க பூரா ஊருக்குள்ளதான். ஆனா ஒரு பாஸ்டர் பொண்ணோட சும்மா சுத்துறாருன்னா இங்க யாரும் காதல்னு ரசிக்க மாட்டாங்க, கமிட்டி கூடிரும், அந்தப் பொண்ணு பேருதான் கெடும். அது எனக்கு வலிக்குது.

பொய் நிச்சயம்தான் என் ஓட்டு. பெரியவங்க சம்மதம் இருக்கு, பொண்ணுக்கு மரியாதை இருக்கு. லெந்துக்கு, அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துக்கு முன்னாடி நிச்சயத்த முடிச்சிட்டா, லெந்து நாள்ல கல்யாணம் வைக்க மாட்டாங்க, ஈஸ்டர் வரைக்கும் தள்ளிப் போடலாம், அதுக்குள்ள நிஜமாவே மனசு ஒட்டிக்கும். அப்புறம் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்ப, சபையில வாசிக்கணும் பாருங்க, மூணு ஞாயிறு, தடை இருந்தா சொல்லுங்கன்னு சபைய கேக்கணும். பத்து கட்டளைய பிரசங்கம் பண்ற மனுஷன் பொய்ய வச்சுக்கிட்டு தன் ஓலைய தானே எப்படி வாசிப்பாரு? டேட்டிங் கதையில இந்தக் கனம் வரவே வராது. மொத ஞாயிறே அவர் வாயத் திறந்து உண்மைய சொல்லிடணும், அவ முன் பெஞ்சுல இருக்கணும்.