டவுன்ஹால் இசைக்கருவிக் கடை: தட்டிப் பார்த்து வாங்க ஓர் இடம்

கோவை டவுன்ஹாலை ஒட்டிய கடைவீதியில் இன்னும் திறந்திருக்கும் இந்தப் பழைய கடையில் மகளுக்கு மிருதங்கம் வாங்கினோம். இணையத்தில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் பலாக்கட்டையின் கனத்தைத் தூக்கிப் பார்ப்பதும், வலந்தலை எனப்படும் வலப்பக்கத் தோலின் நடுவிலுள்ள கரணை என்ற கருப்பு வட்டம் சீராக ஒலிக்கிறதா என்று தட்டிக் கேட்பதும் கைப்பேசித் திரையில் நடக்காது. நான் நீளமான கருவியைக் காட்டியபோது, "பாப்பா பாடற பொண்ணுங்களுக்குத்தானே வாசிக்கப் போறா? அஞ்சு கட்டைங்கற உசந்த சுருதிக்கு இது ஆவாதுங்க" என்று கடைக்காரர் குட்டையானதை எடுத்து, விளிம்புப் பின்னலைக் கல்லால் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்து, தொப்பி எனப்படும் இடப்பக்கத் தோலில் ரவைப் பசை அப்பும் அளவையும் செய்து காட்டினார்.

கீபோர்டு, கிட்டார் வகைகளில் தேர்வு மிகக் குறைவு; இங்கே வாசித்துப் பார்த்துவிட்டு இணையத்தில் வாங்குவோர் பெருகியபின் புதிய மாடல்களை வரவழைப்பதில்லையாம். (வாசித்துப் பார்ப்பதற்குக் கட்டணம் வாங்கினாலும் தவறில்லை.) மிருதங்கத்தின் தோல் வாரை இழுத்துக் கட்டும் தொழிலாளி தினமும் வருவதில்லை என்பதால் பழுதுக்குக் கொடுத்த கருவி திரும்பத் தாமதமாகிறது. கச்சேரியோ கோயில் விசேஷமோ நெருங்கும் வேளையில் கொடுப்பவர்கள் முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.